ஒரு நாளும் எழுபத்தைந்து ஆண்டும்

2020 ஜூன் 28 அன்று, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ். பாரதிதாசன், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவோடு சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குப் போனார். ஒன்பது நாளுக்கு முன் அங்கே கொண்டுவரப்பட்ட ஜெயராஜும், கைப்பேசிக் கடை நடத்திவந்த அவர் மகன் பென்னிக்ஸும் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். நடுவர் கேட்ட பதிவேடுகள் ஒவ்வொன்றும் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே வந்தன. ஒரு காவலர் அவர் காதுபட இழிவாகப் பேசினார். கண்காணிப்புக் கேமராவின் பதிவையாவது பார்க்கலாமென்றால் அதுவும் இல்லை. வன்தட்டில் ஒரு டெராபைட் அளவுக்கு இடம் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். ஜூன் 19 இரவு அந்தக் கட்டடத்துக்குள் நடந்தது எதுவும் வன்தட்டில் மிஞ்சவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 2022-இல், நாடாளுமன்றம் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்தை நிறைவேற்றியது. கைதாகிறவரின் விரல்ரேகை, உள்ளங்கை ரேகை, பாதத் தடம், கருவிழி, விழித்திரை, கையொப்பம், கையெழுத்து என்று ஒரு மனிதனை அடையாளம் காட்டும் அத்தனையையும் எடுத்துத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டு வைத்திருக்க அந்தச் சட்டம் வழிசெய்கிறது. ரேகை கொடுக்க மறுத்தால் அதுவே குற்றம். முன்தண்டனை இல்லாதவர் விடுதலையானால் பதிவை அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிட்டால் அதுவும் இல்லை.

குடிமக்களின் ரேகைக்கு எழுபத்தைந்து ஆண்டு. காவல் நிலையம் தன்னைப் பற்றி வைத்திருந்த பதிவுக்கு ஒரு நாள். இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. காவல்துறையைக் கட்டுப்படுத்தச் சட்டங்களுக்கும் தீர்ப்புகளுக்கும் நம் நாட்டில் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை காவல்துறையே எழுதி, காவல்துறையே பாதுகாக்கும் காகிதத்தை நம்பி நிற்கின்றன. அந்தக் காகிதம் வேறொருவர் கைக்குப் போன இடங்களில் மட்டுமே உண்மை வெளியே வந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் காவல்துறையின் நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை இந்தக் கோணத்தில் படித்துப் பார்ப்பது பயன் தரும்.

அந்த வரலாறு சித்திரவதை பற்றிய ஓர் அரசு அறிக்கையில் தொடங்குகிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்க மக்களை வதைக்கிறார்கள் என்று 1854-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. மறுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டு 1855-இல் அறிக்கை தந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் அதனிடம் வந்தன. சொல்லி அழ ஓர் இடம் கிடைத்தது என்று தெரிந்ததும் மக்கள் நெடுந்தொலைவு நடந்தே வந்தார்கள். விரல்களை நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்திவைக்கும் அண்ணாந்தாள், கண்ணில் மிளகாய்த்தூள் என்று கொடுமைகளை அறிக்கை பெயர் சொல்லிப் பட்டியலிட்டது.

ஆணையம் கண்ட காரணங்களில் முக்கியமானது இது: வரி வசூலிக்கிற தாசில்தாரே காவல் அதிகாரியாகவும் இருந்தார். அவருக்குக் கீழே இருந்த சேவகர்கள் பகலில் கிஸ்தி கேட்டார்கள், இரவில் திருடனைத் தேடினார்கள், இரண்டுக்கும் ஒரே கிட்டியைப் பயன்படுத்தினார்கள். அடித்தவரைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமென்றால் அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே வருவாயையும் காவலையும் பிரிக்க வேண்டும் என்றார்கள். 1859-இல் வந்த சென்னை மாவட்டக் காவல் சட்டம் அந்தப் பிரிவினையைச் செய்தது. 1861-இல் இந்தியா முழுமைக்குமான காவல் சட்டம் வருவதற்கு முன்னோடியாக இருந்தது நம் மாகாணம்தான். காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னதற்குப் பின்னாலும் இந்தக் கிட்டிகளின் நினைவு இருக்கிறது. அந்த விதி இன்றைய பாரதிய சாட்சிய சட்டத்திலும் தொடர்கிறது. காவல் நிலையத்தில் வாங்கிய ஒப்புதலை நம்ப முடியாது என்று அரசே ஒத்துக்கொண்டு, ஒன்றரை நூற்றாண்டாக அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளாமல் இருக்கிறது.

இப்போது 2020 ஜூன் 29-க்கு வரலாம். நடுவரின் அறிக்கையைப் பார்த்த மதுரைக் கிளை நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும், சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும்படி தூத்துக்குடி மாவட்ட ஆட்சியருக்கு உத்தரவிட்டார்கள். தடயங்கள் அழியாமல் இருக்க அன்றைக்கு வேறு வழியில்லை. ஆனால் தாசில்தாரிடமிருந்து மக்களைக் காப்பாற்றக் காவல்துறையைத் தனியாகப் பிரித்த அதே நிலத்தில், காவல்துறையிடமிருந்து ஓர் அறையின் தடயங்களைக் காப்பாற்ற வருவாய்த்துறையைக் கூப்பிட வேண்டியிருந்தது. இரண்டுக்கும் வெளியே நிற்கிற, தகுதியும் அதிகாரமும் உள்ள ஓர் அமைப்பு 161 ஆண்டில் உருவாகியிருக்கவில்லை.

ஆனால் அதே காலத்தில், மக்களைப் பதிவு செய்கிற ஏற்பாடு மட்டும் தொய்வில்லாமல் வளர்ந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தென்மாவட்டங்களில் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சட்டம் குறித்த ஒரு சாதியில் பிறந்துவிட்டால் போதும், ரேகை கொடுக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுத்திருக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். போய்ச் சேர்ந்த ஊரில் அதைக் காட்ட வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவனும் சந்தைக்கு மாடு பிடித்துப் போகிறவனும் அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் பிடிபட்டால் குற்றவாளி. அடையாளத் தாள் என்ற ஒன்றை நம் மண்ணில் ஒரு முழுச் சமூகம் முதன்முதலாக எதிர்கொண்டது உரிமைச் சீட்டாக அல்ல.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மாட்டோம் என்று பிறமலைக் கள்ளர்கள் மறித்து நின்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி அரசு கைதிகள் அடையாளச் சட்டத்தை இயற்றியது. 2022 சட்டம் வந்து அமர்ந்தது அந்த 1920 சட்டத்தின் நாற்காலியில்தான். ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர் போன்றோரின் நெடும் போராட்டத்துக்குப் பின் 1947-இல் சென்னை மாகாணத்தில் கைரேகைச் சட்டம் ஒழிந்தது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. சாதியின் பெயர் தலைப்பிலிருந்து போனது. நிலையத்து அலமாரியில் இருந்த ஏடுகள் போகவில்லை. எந்தெந்த ஊரில் யார் யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்ற பழக்கம் காவல் நிலையங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. திருட்டுப் புகார் வந்தால் குறவர் குடியிருப்புக்கும் இருளர் குடியிருப்புக்கும் ஜீப் போவது அந்தப் பழக்கத்தால்தான்.

1993-இல் கடலூர்ப் பகுதியில் ராஜாகண்ணு என்ற குறவர் சமூகத் தொழிலாளியை அப்படித்தான் பிடித்துப் போனார்கள். அவர் தப்பி ஓடிவிட்டார் என்று காவல்துறை சாதித்தது. அவர் மனைவி பார்வதி, அப்போது வழக்கறிஞராக இருந்த சந்துரு மூலம் ஆட்கொணர்வு மனு போட்டிருக்காவிட்டால், தப்பி ஓடியவர் என்ற வாசகமே அவரைப் பற்றிய கடைசி அரசு ஆவணமாக நிலைத்திருக்கும். பின்னால் குற்றவாளிக் காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ‘ஜெய் பீம்’ படத்தால் வழக்கு உலகமறிந்தது. 2024 அக்டோபரில் சிறை விதிகளில் உள்ள சாதிப் பாகுபாடுகளை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், குற்றப் பரம்பரைப் பட்டியலில் முன்பு இருந்த சீர்மரபினரைத் தன் போக்கில் பிடித்துப் போகக் கூடாது என்று காவல்துறைக்கும் சொல்ல வேண்டியிருந்தது. கைரேகைச் சட்டம் ஒழிந்து 77 ஆண்டுக்குப் பிறகு.

கைதாகிறவரைக் காக்கும் விதிகளுக்கு டி.கே. பாசு வழக்குதான் அடித்தளம். மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவரான அவர், காவல் மரணங்கள் பற்றிய செய்திகளைச் சுட்டிக்காட்டி 1986-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதமே வழக்கானது. 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கைது செய்கிற காவலர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பாணை எழுதி அதில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். உடம்பில் உள்ள காயங்களைக் குறித்துவைக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆவணங்களின் நகல் நடுவருக்குப் போக வேண்டும். இவற்றில் பலவும் பின்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஏறி, இன்று அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கின்றன. காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்ற திருத்தம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது. பாரதிதாசன் அந்த விதியின்படியான விசாரணைக்காகத்தான் சாத்தான்குளம் போனார்.

ஒரு காவல் நிலையத்தின் பார்வையிலிருந்து இந்த விதிகளைப் பாருங்கள். பொது நாட்குறிப்பை எழுதுகிறவர் நிலைய எழுத்தர், அதாவது ‘ரைட்டர்’. கைதுக் குறிப்பாணையை எழுதுவதும் அவரே. எஃப்.ஐ.ஆர். காவல் நிலையத்தில் தயாராகிறது. மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறவர் ஒரு காவலர். மருத்துவர் பரிசோதிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவரும் அவரே. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் காவலர்கள். நடுவரின் அறையிலும் பின்னால் நிற்பது அவர்கள்தான். ‘யாராவது அடித்தார்களா?’ என்று நடுவர் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர் மறுபடி அதே வண்டியில் ஏறிப் போக வேண்டும். இந்தச் சங்கிலியில் காவல்துறைக்கு வெளியே உள்ள கண்ணிகள் மூன்று: மருத்துவர், நடுவர், சிறை அதிகாரி. மூன்றும் ஒரே நாளில் அறுந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் 2020 ஜூன் 20 காட்டியது.

சாத்தான்குளம் நிலையத்தில் எழுதப்பட்ட எஃப்.ஐ.ஆர். சொன்ன கதை இது: ஊரடங்கு நேரம் தாண்டியும் கடை திறந்திருந்ததைக் கேட்கப் போன காவலர்களைத் தந்தையும் மகனும் திட்டினார்கள், மிரட்டினார்கள், தரையில் உருண்டு புரண்டார்கள், அதனால் அவர்களுக்கு உட்காயம் ஏற்பட்டது. காயங்களுக்கான விளக்கம் காயங்களை யாரும் கேட்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அரசு மருத்துவமனையில், சிறைக்கு அனுப்பத் தகுந்த உடல்நிலை என்று சான்று கிடைத்தது. சாத்தான்குளம் நடுவர் மாடியில் நின்றபடியே, கீழே வாகனத்தருகில் நின்றவர்களைப் பார்த்துக் காவலில் வைக்க அனுமதித்ததாகச் செய்திகள் வந்தன. கொரோனா காலம் அதற்கு ஒரு சாக்கானது. கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டிக் கிளைச் சிறை அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 22-ஆம் தேதி இரவு மகனும் 23-ஆம் தேதி காலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். காகிதத்தைப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, நேரம் குறித்திருக்கிறது.

அந்தக் கதையை உடைத்தவை எவை என்று பார்க்க வேண்டும். கடைவீதியில் இருந்த ஒரு தனியார் கேமராவின் பதிவு வெளியானது. அதில் தகராறும் இல்லை, யாரும் தரையில் உருளவும் இல்லை, எஃப்.ஐ.ஆர். சொன்னது பொய்யென்று ஊரே பார்த்தது. பிறகு, அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் நடுவரிடம் வாக்குமூலம் கொடுத்தார். இரவு முழுக்க அடித்தார்கள், லத்திகளிலும் மேசையிலும் ரத்தம் படிந்திருக்கிறது, அவற்றை அழித்துவிடுவார்கள், உடனே கைப்பற்றுங்கள் என்றார். சொல்லிவிட்டாரே தவிர, அதில் கையெழுத்துப் போட அவர் மிகவும் பயந்தார் என்பதையும் நடுவர் பதிவு செய்திருக்கிறார். வெளியே சக காவலர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பாதுகாப்புக்கு உறுதி கொடுத்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தயக்கத்தை நாம் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. சீருடை அணிந்த ஒருவர், தான் வேலை பார்க்கும் நிலையத்தைப் பற்றி உண்மை சொல்ல, நீதித்துறை நடுவர் எதிரிலேயே நடுங்குகிறார் என்றால், லத்திக்கு எதிரே நிற்கும் ஒரு கூலித் தொழிலாளியிடம் ‘புகார் கொடுக்க வேண்டியதுதானே’ என்று கேட்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? நடுவர் பாரதிதாசனின் அறிக்கைக்கும் அந்தப் பெண் காவலரின் வாக்குமூலத்துக்கும் பின்னால்தான் சி.பி.சி.ஐ.டி. கைது நடவடிக்கையில் இறங்கியது. பத்துக் காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அத்தனை வெளிச்சம் பட்ட அந்த வழக்கின் விசாரணையே ஆண்டுக்கணக்கில் நீண்டது. வெளிச்சம் படாதவற்றின் கதி தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரத்திலேயே இருக்கிறது: 2001 முதல் 2018 வரை நாடு முழுவதும் காவல் நிலையக் காவலில் இறந்தவர்கள் 1,727 பேர், அதற்காகத் தண்டனை பெற்ற காவலர்கள் 26 பேர்.

இறப்பு வரை போகாதவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ‘மாவுக்கட்டு’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் தொலைக்காட்சி பார்க்கும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கைதானவர் தப்பிக்கப் பார்த்தார், பாலத்திலிருந்து குதித்தார், கழிவறையில் வழுக்கி விழுந்தார், கை முறிந்தது. மறுநாள் கட்டோடு புகைப்படம். குற்றவாளிகள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அந்தப் படங்களுக்குக் கீழே குவியும் பாராட்டு. கை முறிந்தவன் குற்றம் செய்தவன்தானா என்று தீர்மானித்தவர் கையை முறித்தவரே என்பது பாராட்டுகிறவர்களுக்கு உறைப்பதில்லை.

காவலர்கள் மீதான புகாரைக் காவல்துறைக்கு வெளியே உள்ளவர்கள் விசாரிக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்றே சொல்லிவிட்டது. உத்தரப் பிரதேசக் காவல்துறைத் தலைவராக ஒரு காலத்தில் இருந்த பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் பிறந்த ஏழு கட்டளைகளில் ஒன்று, மாநிலத்திலும் மாவட்டங்களிலும் காவல் புகார் ஆணையங்கள். மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. தலைமையைப் பொறுத்தவரை, கேரளம் 2011-இல் இயற்றிய காவல் சட்டத்தில் ஏறத்தாழ அப்படியே செய்தது.

தமிழ்நாடு 2013-இல் காவல் (சீர்திருத்தங்கள்) சட்டத்தை இயற்றியது. அதன்படி மாநிலப் புகார் ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர். உறுப்பினர்கள் காவல்துறைத் தலைமை இயக்குநரும் சட்டம் ஒழுங்கு கூடுதல் இயக்குநரும். மாவட்டத்தில் தலைவர் ஆட்சியர். உறுப்பினர்கள் காவல் கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும். யாரைப் பற்றிப் புகாரோ அவருடைய மேலதிகாரியே தீர்ப்பு சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். சீர்திருத்தம் என்ற பெயரில் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தது உச்ச நீதிமன்றத்தின் கட்டளையை வெறும் சம்பிரதாயமாக்கிய செயல். அதற்குப் பிறகு ஆட்சிகள் மாறின, காவல் ஆணையம் ஒன்றும் அமைந்தது; இந்த அமைப்பின் குறை அப்படியே கிடந்தது. இரு பெரும் கட்சிகளும் மாறி மாறி உள்துறையை வைத்திருந்தவை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது காவல் மரணத்துக்குக் கொதிப்பவர்கள், ஆட்சிக்கு வந்ததும் அந்த இலாகாவை முதலமைச்சர் கையில் வைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை இதுவே தடைகளில் பெரியது.

ஆட்சியர் தலைமை வகித்தால் போதாதா, அவர் காவல்துறை இல்லையே என்று கேட்பவர்கள் வாச்சாத்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவார ஊருக்குள், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று நுழைந்தவர்கள் வனத்துறையினர், காவல்துறையினர், அவர்களோடு வருவாய்த்துறையினர். மூன்று துறைகளும் கைகோத்து ஊரைச் சூறையாடின. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது, அன்றைய ஆட்சியர் மீதும் காவல் கண்காணிப்பாளர் மீதும் மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மாவட்டப் புகார் ஆணையத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருப்பது இவற்றில் ஆட்சியர், கண்காணிப்பாளர் என்ற இரண்டு பதவிகளைத்தான். தனி மனிதர்களாக நல்ல ஆட்சியர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் மாவட்ட நிர்வாகம் ஒரே குடும்பம் போல இயங்குகிறது. திருவிழா முதல் தேர்தல் வரை ஆட்சியரும் கண்காணிப்பாளரும் ஒருவரையொருவர் நம்பித்தான் நாளை ஓட்டுகிறார்கள். அவர்களில் ஒருவரை மற்றவருக்கு நீதிபதியாக்குவது இருவருக்குமே நியாயமில்லை.

மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. 1997 முதல் செயல்படுகிறது. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது முக்கியமான முன்னேற்றம். ஆனால் நிகழ்வு நடந்து ஓராண்டுக்குள் புகார் வந்தாக வேண்டும் என்ற வரம்பு அதற்கு உண்டு. பெரும்பாலும் இழப்பீட்டோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

செய்யாமல் விட்டவற்றில் ஒன்று என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. காவலில் இருந்தவர் உடம்பில் காயம் இருந்தால், அதை ஏற்படுத்தியவர் காவல் அதிகாரியே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். இல்லையென்று காட்டும் பொறுப்பு அவருடையது. இப்படி ஒரு பிரிவை, 114-பி என்ற எண்ணில், சாட்சியச் சட்டத்தில் சேர்க்கும்படி சட்ட ஆணையம் தன் 113-ஆவது அறிக்கையில் 1985-இலேயே பரிந்துரைத்தது. மூடிய அறைக்குள் நடந்ததற்கு வெளிச் சாட்சி எங்கிருந்து வரும் என்ற எளிய நியாயம்தான் அதன் அடிப்படை. 2017-இல் 273-ஆவது அறிக்கை மறுபடியும் அதை வலியுறுத்திச் சித்திரவதைத் தடுப்புச் சட்டத்துக்கு ஒரு வரைவையும் தந்தது. ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டுவிட்டு இன்னும் உறுதிசெய்யவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய மசோதா காலாவதியானது. மூன்று குற்றவியல் சட்டங்களையும் மாற்றி எழுதியபோது, இந்தப் பிரிவைச் சேர்க்க அருமையான வாய்ப்பு கிடைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் அது இல்லை.

இவ்வளவுக்கும் மேலே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பாசு தீர்ப்பின் பாதுகாப்புகள் கைதிலிருந்து தொடங்குகின்றன. ‘விசாரணைக்குக் கூட்டிட்டுப் போறோம்’ என்று சொல்லிவிட்டால் கைது இல்லை. கைது இல்லையென்றால் குறிப்பாணை இல்லை, பரிசோதனை இல்லை, நடுவர் முன் நிறுத்த இருபத்துநான்கு மணி நேரக் கெடு இல்லை. 2025 ஜூன் இறுதியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை ஒரு நகைத் திருட்டுப் புகாருக்காகத் தனிப்படைக் காவலர்கள் அப்படித்தான் கூட்டிப் போனார்கள். 28-ஆம் தேதி அவர் இறந்தார். உடற்கூறாய்வில் 44 காயங்கள். கோயிலுக்குப் பின்புறம் அவரை அடிப்பதை ஒருவர் மறைவிலிருந்து கைப்பேசியில் பதிவு செய்திருந்தார். அந்தச் சில நொடிக் காட்சி இல்லாவிட்டால் நமக்குக் கிடைத்திருக்கக் கூடிய கதை, வலிப்பு வந்து விழுந்தார் என்பதே. தனிப்படைகள் கலைக்கப்பட்டன, காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சாத்தான்குளத்திலும் மடப்புரத்திலும் உண்மையைத் தாங்கி நின்ற பதிவு காவல்துறையின் கையில் இல்லாத பதிவு.

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டதும் இதைத்தான். எல்லாக் காவல் நிலையங்களிலும் நுழைவாயில், லாக்கப், நடைபாதை, வரவேற்பிடம் என எதையும் விடாமல் ஒலியோடும் இரவுக் காட்சியோடும் கேமரா வைக்க வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், அது முடியாத இடத்தில் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. மேற்பார்வைக்கு மாநில, மாவட்டக் குழுக்களை அமைக்கச் சொன்னது. ஆனால் கேமராவைப் பராமரிக்கும் அன்றாடப் பொறுப்பு நிலைய அதிகாரியிடமே இருக்கிறது. ‘பழுதாகியிருந்தது’ என்ற ஒரு வரி போதும், பதினெட்டு மாதமும் கரைந்துபோகும். பதிவு நிலையத்துக் கட்டடத்திலேயே தங்கக் கூடாது. அது நேரே மாவட்ட நீதிமன்றத்தின் பொறுப்பில் உள்ள சேமிப்பகத்துக்குப் போக வேண்டும். தொடர்பு அறுந்தால் அந்த நிமிடமே அங்கே தெரிய வேண்டும். நாடு முழுவதிலிருந்தும் கோடிக்கணக்கான ரேகைகளை ஒரே இடத்துக்கு அனுப்பிச் சேமித்துத் தேடித் தரும் தொழில்நுட்பம் கைவசம் உள்ள அரசுக்கு, ஒரு மாவட்டத்தின் காவல் நிலையங்களிலிருந்து காட்சிகளை அனுப்புவது பெரிய வேலையில்லை. விசாரணைக்கு என்று ஒருவரை வாசலுக்குள் அழைத்து வந்த நேரமும், அவர் வெளியே போன நேரமும் அந்தக் கேமராவின் கணக்கிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். ரைட்டரின் பேனாவிலிருந்து அல்ல.

அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. இந்த நிலையம் கேமரா கண்காணிப்பில் இருக்கிறது என்றும், உரிமை மீறப்பட்டால் மனித உரிமை ஆணையத்திலோ மனித உரிமை நீதிமன்றத்திலோ காவல் கண்காணிப்பாளரிடமோ முறையிடலாம் என்றும், பதிவு ஆறு மாதத்துக்குக் குறையாமல் வைக்கப்படும் என்றும், பாதிக்கப்பட்டவர் அந்தப் பதிவைப் பத்திரப்படுத்தும்படி கேட்கும் உரிமை உள்ளவர் என்றும் நிலைய வாசலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வட்டார மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் ஊர்க் காவல் நிலையத்தைக் கடக்கும்போது அந்தப் பலகை தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட மேற்பார்வைக் குழுவுக்கு எழுதுங்கள். வேண்டியவர் யாரையாவது விசாரணைக்கென்று கூட்டிப் போனால், அன்றைக்கே, நாளும் நேரமும் குறித்து, அந்தப் பதிவைப் பத்திரப்படுத்தக் கேட்டு ஒரு மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நகலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பிவிடுங்கள்.